மணைப்பலகையும் இரண்டு மடிப்பு ஜமக்காளமும்

அந்தத் தாள் இன்னமும் என் கைப்பையின் உள்ஜிப்பில்தான் இருக்கிறது. போன வருஷம் மார்ச் மாதம் எங்கள் பகுதியில் புதிதாக ஆரம்பித்த யோகா வகுப்பில், முதல் நாள் முடிந்ததும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். யோகா மேட் ஒன்று, கட்டை இரண்டு, பெல்ட் ஒன்று, போல்ஸ்டர் ஒன்று, போர்வை ஒன்று, கண்ணில் வைக்கிற சின்னத் தலையணை ஒன்று. பக்கத்திலேயே விலை. கூட்டினால் 5,450 ரூபாய். அவர்களிடமே வாங்கலாம், வெளியில் வாங்குவதானால் இதே தரத்தில் இருக்கணும், அடுத்த திங்கட்கிழமை கொண்டு வரணும் என்று கீழே எழுதியிருந்தது.

எனக்கு அது கொடுக்க முடியாத தொகை இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், மாதச் சம்பளம் வருகிறது. ஆனால் என் பக்கத்தில் எங்கள் தெருமுனை இட்லிக் கடை அக்கா நின்றுகொண்டிருந்தார். காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டினால் பதினொரு மணி வரை நின்றபடியே வேலை. இரண்டு முழங்காலும் போய்விட்டது. அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரையோடு, உட்கார்ந்து எழுந்து பழகச் சொல்லியிருந்தார்கள். 'வாங்க அக்கா, நானும் வரேன்' என்று ஒரு மாதம் விடாமல் சொல்லி அழைத்துக்கொண்டு போனது நான்தான். அவர் தாளை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். எட்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். வீடு வரும்வரை வேறு ஏதேதோ பேசினோம். அடுத்த திங்கட்கிழமை அவர் வரவில்லை. 'அடுப்புக்கு ஆள் இல்ல டீச்சர்' என்றார். வகுப்பு சாயங்காலம் ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் கடையில் அடுப்பே எரியாது.

நான் பணத்தைக் கட்டி, எல்லாவற்றையும் வாங்கி, மூன்று வாரம் போனேன். சொல்லிக்கொடுத்த விதத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அந்தப் போல்ஸ்டர் திண்டின் மேல் சாய்ந்து கண்ணை மூடும்போது, தாளை எட்டாக மடித்த அந்தக் கைதான் ஞாபகத்துக்கு வந்தது. முழங்கால் வலி அவருக்கு. சாய்ந்து படுத்திருப்பது நான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் முதுகுவலிக்காக எனக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுத்த மாஸ்டரிடம் போனில் இதைச் சொன்னேன். அவர் ஐயங்கார் முறையில் பயின்றவர். இப்போது ஓய்வாக வீட்டில் இருக்கிறார். 'பி.கே.எஸ். ஐயங்கார் ஆரம்பத்தில எத வச்சு செஞ்சாரு, சொல்லும்மா' என்று கேட்டார். கட்டையும் பெல்ட்டும் நாற்காலியும் இன்று உலகம் முழுக்க யோகாவில் புழங்குவதற்கு ஐயங்கார்தான் முக்கியக் காரணம். 1918இல் பெல்லூரில் பிறந்தவர், சின்ன வயதில் நோயிலேயே கிடந்தவர், 1937இல் பூனாவுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனவர். செங்கல், கயிறு, மடக்கு நாற்காலி, சுவர் என்று கைக்குக் கிடைத்ததைத்தான் பிடித்துக்கொண்டு செய்து பார்த்தார். அளவெடுத்துச் செய்த மரக்கட்டைகள் எல்லாம் பிறகு வந்தவை. 'நீ சாமானத் தயார் பண்ணு. ஞாயித்துக்கிழமை நான் வந்து பாக்குறேன்' என்றார் மாஸ்டர். எங்கள் மொட்டைமாடி இருந்தது. அக்காவோடு சேர்த்து ஐந்து பேர் வருவதாகச் சொன்னார்கள்.

ஐயப்பன் கட்டியிருப்பது

பெல்ட்டில்தான் ஆரம்பித்தேன், அதுதான் சுலபம் என்று தோன்றியது. கடைப் பெல்ட் எட்டடி நீளம், ஒன்றரை அங்குல அகலம், பருத்தி நாடா, ஒரு முனையில் இரண்டு இரும்பு வளையம். காலை நீட்டிக் குனியும்போது சிலருக்குக் கை பாதம் வரை எட்டாது. பாதத்தில் நாடாவை மாட்டி இரண்டு கையாலும் பிடித்தால் முதுகை வளைக்காமல் நீட்ட முடியும். அவ்வளவுதான் அதன் வேலை. காந்தி மார்க்கெட் பக்கம் பள்ளிக்கூடப் பைகளுக்கு வார் தைத்துக் கொடுக்கிற ஒரு கடைக்குப் போய், எனக்கு என்ன வேண்டும் என்று கையைக் காலை நீட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். தைக்கிறவர் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சுவரில் இருந்த காலண்டரைக் காட்டினார்.

'இதத்தானம்மா கேக்குறீங்க?'

சபரிமலை ஐயப்பன் படம். எத்தனை வருஷமாக எத்தனை வீட்டில் பார்த்திருப்பேன். குத்துக்கால் போட்டமாதிரி உட்கார்ந்திருக்கிற அந்த இரண்டு முழங்காலையும் சுற்றி ஒரு பட்டை இருக்கிறதே, அது என்ன என்று ஒருநாளும் யோசித்ததில்லை. யோகப்பட்டம் என்று அதற்குப் பெயர். சோளிங்கரில் மலைமேல் இருக்கிற யோக நரசிம்மர் மாதிரியான திருமேனிகளிலும் பார்க்கலாம். முழங்காலை மேலே தூக்கி உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் கால்கள் விலகும், முதுகு பின்னால் சாயும். பட்டையைச் சுற்றிக் கட்டிவிட்டால் அதுவே பிடித்துக்கொள்ளும், நெடுநேரம் அசையாமல் இருக்கலாம். தியானத்தில் இருக்கிற சாமிக்கே ஒரு துணியின் பிடிமானத்தைக் கொடுத்துத்தான் அந்தச் சிற்பிகள் வடித்திருக்கிறார்கள். அன்றைக்கு அந்தக் காலண்டரைப் பார்த்தபடி நின்றதில், உதவி வைத்துச் செய்வது அரைகுறை யோகா என்று எனக்குள் ரொம்ப நாளாக இருந்த ஒரு கூச்சம் போய்விட்டது.

அவர் தைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நாடாவின் முனையை மூன்று அங்குலம் மடித்து, மடிப்புக்குள் இரண்டு டி வளையத்தைக் கோத்து, நைலான் நூலில் ஒரு சதுரம் தைத்து, சதுரத்துக்குள் பெருக்கல் குறி போட்டார். அந்தப் பெருக்கல் குறிதான் இழுவையைத் தாங்குகிறது. வெறும் ஒற்றைத் தையல் போட்டால் நாலு நாளில் பிரிந்துவிடும். இவ்வளவு கூட வேண்டாம், வீட்டில் இருக்கிற பழைய நாலு முழ வேட்டியை நீளவாக்கில் மடித்தாலே பாதத்துக்குப் போதும். ஒன்று மட்டும் கவனிக்கணும்: இழுத்தால் நீள்கிற துணி கூடாது. லெக்கின்ஸ் துணி, எலாஸ்டிக் எல்லாம் பிடிமானம் கொடுக்காது, சட்டென்று விட்டால் முகத்தில் அடிக்கும்.

குனியும்போது தரைக்கு எட்டாத கையை ஊன்றிக்கொள்கிற கட்டைக்கு எங்கள் தெருவுக்குப் பின்னால் கதவு நிலை செய்கிற ஆசாரியிடம் போனேன். நிலைச் சட்டம் அறுத்த மிச்சத் துண்டுகள் அவர் பட்டறையில் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும், விறகுக்குத்தான் போகும். 9 அங்குல நீளம், 6 அங்குல அகலம், 4 அங்குல உயரம் என்பது பொதுவாகக் கடைகளில் கிடைக்கிற அளவு. மூன்று பக்கமும் வேறு வேறு உயரம் என்பதால் ஒரே கட்டையைப் படுக்கப்போட்டு, சாய்த்து, நிறுத்தி மூன்று விதமாக வைத்துக்கொள்ளலாம். நாலு அங்குலத் துண்டு இல்லாத இடத்தில் இரண்டு அங்குலப் பலகையை ஃபெவிகால் போட்டு ஒட்டி, இறுக்கிப் பிடிக்கவைத்து ஒரு ராத்திரி விட்டார். வேம்பு கனம் அதிகம். பார்சல் பெட்டிகளில் வருகிற பைன் மரம் லேசாக இருக்கும், வயதானவர்கள் தூக்கி வைக்க அதுவே நல்லது.

உப்புத்தாள் தேய்த்தது நான். 80ஆம் நம்பரில் ஆரம்பித்து 120, பிறகு 220. இரண்டு சாயங்காலம் ஆனது. முனைகளையும் விளிம்புகளையும் உள்ளங்கை அழுத்தினால் உறுத்தாத அளவுக்கு உருட்டணும். வழவழப்பாகிவிட்டது என்று நினைத்ததும் ஒரு கொத்துப் பஞ்சை எடுத்துக் கட்டை முழுக்கத் தடவிப் பாருங்கள். பஞ்சு எங்கே ஒரு இழை மாட்டிக்கொள்கிறதோ அங்கே சிலாம்பு ஒளிந்திருக்கிறது. கண்ணுக்கும் கைக்கும் தெரியாதது பஞ்சுக்குத் தெரியும். பாலிஷ், வார்னிஷ் எதுவும் வேண்டாம். வேர்த்த கை வழுக்கும். கட்டை தயாராகிற வரைக்கும் செங்கல்லைப் பழைய துண்டில் சுற்றித் தைத்து வைத்திருந்தேன். நாட்டுச் செங்கல் 9க்கு 4½க்கு 3 அங்குலம், கிட்டத்தட்ட மூன்று கிலோ. நிற்கும், தாங்கும். கால் விரலில் விழாமல் பார்த்துக்கொள்ளணும், அவ்வளவுதான்.

போல்ஸ்டர் என்று லிஸ்டில் இருந்தது நம் வீட்டுத் திண்டுதான். எங்கள் வீட்டுப் பரணில் பாட்டி காலத்து இலவம்பஞ்சு மெத்தை ஒன்று கிடந்தது. தூக்கிப் போடவும் மனசு வராது, விரித்துப் படுக்கவும் முடியாது. அதைப் பிரித்தேன். 9 அங்குல விட்டத்துக்குச் சுற்றளவு 28¼ அங்குலம், தையலுக்கு ஒரு அங்குலம் சேர்த்து 29¼. நீளம் 24, அதற்கும் தையலுக்கு ஒன்று. இரண்டு பக்க வட்டத்துக்கும் 10 அங்குல விட்டத்தில் துணி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உருளை நடத்தும்போது இந்த உறையைத்தான் இப்போது கரும்பலகையில் வரைகிறேன். துணிக்குப் பழைய கெட்டித் திரைச்சீலை. பஞ்சை வெயிலில் இரண்டு நாள் போட்டபோது கட்டி கட்டியாக இருந்தது உப்பி, பொங்கி, மூன்று மடங்கானது மாதிரி இருந்தது. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டுதான் அடைக்கணும், காற்று வீசாத அறையில் அடைக்கணும். கையால் திணித்தால் போதாது, சப்பாத்திக் கட்டையால் குத்திக் குத்தி அடைத்தால்தான் திண்டு உடம்பைத் தாங்கும். ஒரு மெத்தையில் நாலு திண்டு வந்தது.

கண் தலையணைக்குக் கடுகு. கைக்குழந்தைகளுக்குத் தலை உருண்டையாக வரட்டும் என்று கடுகுத் தலையணை தைத்த வீடுகள் நிறைய உண்டு, அதே யோசனைதான். பழைய பருத்திப் புடவைத் துண்டில் 200 கிராம், தளர்வாக. அரிசி போட்டுப் பார்த்தேன், இரண்டாவது மாதமே வண்டு வந்துவிட்டது.

பாய், ஜமக்காளம், வெறும் தரை

மேட் விஷயத்தில் நான் தப்பு செய்தேன். முசிறிக் கோரைப்பாய் நம் ஊர்ச் சரக்கு, காவிரிக் கரையில் விளைகிற கோரை, இதைவிட என்ன வேண்டும் என்று ஐந்து பாய் வாங்கிவிட்டேன். உட்காரவும் படுக்கவும் அதற்கு ஈடு கிடையாது. நின்று செய்கிற ஆசனத்துக்கு ஆகாது. காலை அகட்டி வைத்து ஒரு பக்கம் சாயும்போது கோரையின் வழவழப்பில் பாதம் மெல்ல மெல்ல விலகிப் போகிறது. முதல் ஞாயிறே ஒருவர் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, பெரிய காயம் இல்லை. மாஸ்டர் பாய்களைச் சுருட்டச் சொல்லிவிட்டு வெறும் சிமெண்ட் தரையில் நிற்கச் சொன்னார். சொரசொரப்பான தளத்தில் வெறுங்கால் பிடிப்பதுபோல் எதுவும் பிடிக்காது.

இன்று நாம் பார்க்கிற ஒட்டுகிற மேட்டும்கூட வேறு எதற்கோ செய்ததுதான் என்று அன்று மாஸ்டர் சொன்னார். ஏஞ்சலா ஃபார்மர் என்ற ஆசிரியைக்கு, சின்ன வயதில் நடந்த ஒரு அறுவைச் சிகிச்சையால், கை காலில் வேர்வையே வராது. அதனால் அவருக்குத் தரையில் பிடிமானம் கிடைக்காது. ஜெர்மனியில் கம்பளத்துக்கு அடியில் வழுக்காமல் இருக்கப் போடுகிற விரிப்பைப் பார்த்துவிட்டு, அதில் ஒரு துண்டை வெட்டி விரித்து அதன்மேல் செய்ய ஆரம்பித்தார். பார்த்தவர்கள் எல்லாம் கேட்க, அவருடைய அப்பா 1980களில் அதை விற்கத் தொடங்கினார். கையில் இருந்த சிக்கலுக்குக் கையில் கிடைத்ததை வெட்டிக்கொண்ட ஒரு பெண்ணிடமிருந்து வந்த பொருள், ஒருத்தரை வகுப்புக்கே வரவிடாமல் செய்கிற லிஸ்டில் முதல் பொருளாகப் போனது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

உட்கார, படுக்கப் பருத்தி ஜமக்காளம் போதும். பவானியில் கைத்தறியில் நெய்தது கிடைத்தால் விடாதீர்கள், இருபது வருஷம் உழைக்கும். அதே வண்ணப் பட்டையோடு பாலியஸ்டர் கலந்தது மலிவாக வருகிறது, டைல்ஸ் தரையில் சறுக்கும். சந்தேகம் இருந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும்.

அக்கா எழுந்து போனது

எல்லாம் தயாராகி, அக்கா வந்து உட்கார்ந்த அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்ல நினைத்தேன்.

சம்மணம் போட்டு உட்காரச் சொன்னார் மாஸ்டர். அக்காவுக்கு இரண்டு முழங்காலும் இடுப்பைவிட உயரமாக நின்றன. முதுகு கூன் போட்டுக்கொண்டது. விழாமல் இருக்க இரண்டு கையாலும் பின்னால் ஊன்றிக்கொண்டார், முகத்தில் வலி தெரிந்தது. இடுப்பு மூட்டு இறுகியிருக்கிறவர்கள் தரையோடு உட்கார்ந்தால் இடுப்பெலும்பு பின்பக்கமாகச் சாய்ந்துவிடும், முதுகு தானாக வளையும். உட்காருகிற இடத்தை உயர்த்தினால் இடுப்பு முன்னால் சாய இடம் கிடைக்கும், முழங்கால் இறங்கும். நான் ஓடிப்போய் என் 24 அங்குலத் திண்டைக் கொண்டுவந்து வைத்தேன். உருண்டையாக இருந்ததால் அவர் ஒரு பக்கம் சாய்ந்தார். மரக்கட்டையை வைத்தேன். ஆறு அங்குல அகலத்தில் அவரால் உட்கார முடியவில்லை. ஜமக்காளத்தை மடித்து வைத்தேன். ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு, மூன்று மடிப்பு. நாலாவதில் முழங்கால் கொஞ்சம் இறங்கியது. இரண்டு நிமிஷத்தில் துணி அமுங்கி மறுபடி மேலே ஏறியது. எனக்கு அழுகை வருகிற மாதிரி ஆகிவிட்டது. ஒரு மாதம் அலைந்து செய்த பொருளில் ஒன்றுகூட, யாருக்காகச் செய்தேனோ அவருக்கு ஆகவில்லை.

அக்கா மெல்ல ஒரு பக்கமாக ஒருக்களித்து, தரையில் கை ஊன்றி எழுந்தார். 'இருங்க டீச்சர்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினார். போய்விட்டார் என்றே நினைத்தேன். மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை. மற்ற நாலு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிஷம் இருக்கும். ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். கையில் ஒரு மணைப்பலகை. அவர் கல்யாணத்தில் உட்கார்ந்த மணையாம், பலா மரம். கோலம் போட்ட இடத்தில் பழைய காவிக் கோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மாவாட்டும்போது இதில்தான் உட்காருவாராம்.

'இதுல உக்காந்தாத்தான் எனக்கு முட்டி வலிக்காது. மேல ரெண்டு மடிப்பு மட்டும் போடுங்க, குளிரும்' என்றார்.

பலகை மூன்று அங்குல உயரம். ஜமக்காளம் இரண்டு மடிப்பு. அவர் உட்கார்ந்தார். இரண்டு முழங்காலும் மெதுவாக இறங்கி, இடுப்புக்குக் கீழே போய் நின்றன. முதுகு நிமிர்ந்தது, யாரும் நிமிரச் சொல்லவில்லை. பின்னால் ஊன்றிய கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த இரண்டு கையும் மடியில் வந்து அமர்ந்ததை நான் மறக்கவே மாட்டேன். ஏழு நிமிஷம் அப்படியே இருந்தார்.

அதுவரை கடை அளவைத்தான் குறைந்த செலவில் நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். அக்காவின் இடுப்புக்கு எத்தனை அங்குலம் வேண்டும் என்று ஒரு தடவையாவது அவரிடம் கேட்டிருக்கலாம். இருபது வருஷமாக மாவாட்ட உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு அது தெரிந்திருந்தது. அடுத்த வாரம் சின்ன நோட்டு ஒன்று போட்டேன். யாருக்கு எத்தனை அங்குலம், எந்தக் கைக்கு எத்தனை உயரம், பெல்ட்டின் வளையம் எந்த இடத்தில் நிற்கணும் என்று அவரவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இரண்டே பேருக்குத்தான் ஒன்பதுக்கு ஆறுக்கு நாலு சரியாக இருந்தது. ஒருவருக்கு ஐந்து அங்குலம் வேண்டியிருந்தது. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாவுக்கு வலதுபக்கம் இடதைவிட அரை அங்குலம் கூடுதலாக வேண்டும், ஒரு கால் சற்றுக் குட்டை. ஆசாரி அந்த அரை அங்குலத்தைத் தனிப் பலகையாக இழைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

செய்யக்கூடாதவை

இதைப் படித்துவிட்டு யாராவது உற்சாகத்தில் பழைய புடவையை மின்விசிறிக் கொக்கியில் கட்டி அந்தரத்தில் தொங்க முயற்சி செய்ய வேண்டாம். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பழைய துணியின் நூல் எங்கே நைந்திருக்கிறது என்று வெளியே தெரியாது. சுவரில் கயிறு மாட்டுவதற்கும் இதே பதில்தான். ஹாலோ பிளாக் சுவரில் ஆணி அறைந்தால் ஆள் பாரம் தாங்காது. விழுவது தலைகீழாக விழுவதாக இருக்கும். நாற்காலி வேண்டுமென்றால் பந்தல் வாடகைக் கடையில் பழைய இரும்பு மடக்கு நாற்காலி கேளுங்கள், கால்களில் ரப்பர் குல்லாய் இருக்கிறதா பாருங்கள், நாற்காலியின் முதுகைச் சுவரோரம் தள்ளிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி பாரம் ஏறினால் காலைப் பரப்பிவிடும், அது வேண்டவே வேண்டாம். மாடிக்குப் பதிலாக டைல்ஸ் போட்ட வீட்டுக்குள் செய்கிறவர்கள் ஒரு நல்ல ரப்பர் மேட்டுக்குப் பணம் செலவழிக்கத் தயங்க வேண்டாம். அந்த ஒன்றை வீட்டில் செய்ய எனக்கு வழி கிடைக்கவில்லை.

ஐந்து பேருக்கும் சேர்த்து எனக்கு ஆன செலவு, வீணாய்ப்போன பாய்களைத் தவிர்த்து, 2,300 ரூபாய். பாய்களும் வீணில்லை, கடைசியில் எல்லோரும் படுப்பது அதில்தான். மாதத்துக்கு ஒரு ஞாயிறு திண்டுகளை மாடிச் சுவரில் வரிசையாக வெயிலில் போடுகிறேன், பஞ்சு மறுபடி உப்பிக்கொள்கிறது.

போன வாரம் அக்கா தன் சம்பந்தியம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு பக்கவாதம் வந்து இடது கை விரல்கள் முழுசாக மடங்குவதில்லை. பெல்ட்டைப் பிடிக்க முடியவில்லை. இந்தத் தடவை நான் எதையும் ஓடிப்போய் எடுத்துவரவில்லை. அக்காதான் அவர் கையைத் தன் மடியில் வைத்து, ஒரு பழைய துண்டைச் சுருட்டிச் சுருட்டி விரல்களுக்குள் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், எந்தக் கனத்தில் பிடி நிற்கிறது என்று. ஒன்றேமுக்கால் அங்குலத்தில் நின்றது. நோட்டில் குறித்துக்கொண்டேன். நாளைக்குப் பை தைக்கிற கடைக்குப் போகணும்.